டீடூப் ஆன் என்று காட்டியது, நாலாவது ஹோஸ்டில் ஆஃப்

திருவொற்றியூர்க்காரன்:

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். நாலு ஹோஸ்ட் (விர்ச்சுவல் சர்வர்கள் ஓடும் நிஜ சர்வர்), எல்லாம் ஃப்ளாஷ் டிஸ்க், மேலே அத்தனை டிஸ்கையும் ஒரே சேமிப்பிடமாக்கும் விஎம்வேரின் வீசான் 7. பில்லிங் சர்வர், ஆபீஸ்காரர்களின் 40 விண்டோஸ் விர்ச்சுவல் டெஸ்க்டாப், கேட்டில் நுழையும் ஒவ்வொரு லாரிக்கும் எடுக்கிற போட்டோக்கள் எல்லாம் அதில்தான். இடம் கரைந்துகொண்டே வந்ததால் டீடூப் (ஒரே மாதிரி பிளாக்குகளில் ஒன்றை மட்டும் வைப்பது), கம்ப்ரஷன் (டேட்டாவைச் சுருக்குவது) இரண்டையும் போட முடிவு செய்தோம்.

பட்டனை அழுத்தினால் உடனே முடிகிற வேலை இல்லை இது. ஒவ்வொரு டிஸ்க் குரூப்பையும் (ஒரு ஹோஸ்டில் சேர்ந்து இயங்கும் டிஸ்குகள்) காலி செய்து, புது ஃபார்மேட் போட்டு, திரும்பச் சேர்க்கும். அப்புறம் அடுத்தது. வெள்ளி இரவு ஆரம்பித்தேன். சனி மாலைக்குள் இரண்டு ஹோஸ்ட் முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. அதோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். திங்கள் காலை செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன், ஆன் என்று இருந்தது. நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் கேட்டார்: "ஏன்ப்பா, பாதி இடம் மிச்சமாகும்னு சொன்ன, இன்னும் அதே அளவுலயே நிக்குதே?" அன்றுதான் ஒவ்வொரு ஹோஸ்டிலும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் 'ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ வீசான் ஸ்டோரேஜ் லிஸ்ட்' ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு டிஸ்குக்கும் கீழே டீடூப்ளிகேஷன், கம்ப்ரஷன் என்று இரண்டு வரி வரும். மூன்று ஹோஸ்டில் எல்லா டிஸ்கிலும் ட்ரூ. நாலாவதில் அத்தனையும் ஃபால்ஸ்.

காரணம், ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு பெரிய சர்வரை குளோன் (முழு நகல்) எடுத்திருக்கிறார்கள். நாலாவது ஹோஸ்டின் டேட்டாவை நகர்த்த மற்ற மூன்றிலும் இடம் போதாமல் டாஸ்க் பாதியில் ஃபெயில் ஆகியிருக்கிறது. என் மனதை இன்றும் உறுத்துவது இதுதான்: வீசான் ஹெல்த் பக்கத்தில் டீடூப் அமைப்பு எல்லா ஹோஸ்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கவே தனியாக ஒரு சோதனை உண்டு. அது சிவப்பில்தான் இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

குளோனை அழித்தேன். நாலாவது ஹோஸ்டின் டிஸ்க் குரூப்பை முழு டேட்டாவையும் நகர்த்தும்படி சொல்லி நீக்கி, மறுபடி உருவாக்கினேன். கிளஸ்டரில் (நாலு ஹோஸ்டும் சேர்ந்த தொகுப்பில்) ஏற்கெனவே ஆன் என்பதால் புதுக் குரூப் சரியான ஃபார்மேட்டிலேயே வந்தது. 11 மணி நேரம். இந்த முறை முடியும்வரை யார்டை விட்டு நகரவில்லை.

கெப்பாசிட்டி பக்கத்தில் காட்டும் விகிதம் (சுருக்குமுன் இருந்த அளவு, சுருக்கிய பின் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்பது) 1.4லிருந்து 1.9 ஆனது. பலன் கிடைத்ததெல்லாம் டெஸ்க்டாப்களால்தான். ஒரே விண்டோஸ் 40 தடவை இருக்கிறதே. கேட் போட்டோக்களில் ஒன்றும் மிச்சமாகவில்லை, ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. வீசான் 4 கேபி பிளாக்கை 2 கேபிக்குள் அடக்க முடிந்தால்தான் சுருக்கி வைக்கும், இல்லாவிட்டால் அப்படியே எழுதிவிடும்.

ராயபுரம் நெட்வொர்க்:

அண்ணே, விகிதத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டு நான் பட்டதையும் சொல்கிறேன். எங்களுடையது மூன்றே ஹோஸ்ட். டேட்டாவின் இரண்டு பிரதியும் ஒரு சாட்சியும் (ஒரு பிரதி போனால் எது செல்லும் என்று முடிவு செய்ய உதவும் சிறு துண்டு) மூன்று தனித்தனி ஹோஸ்டில் இருந்தாக வேண்டும் என்பதால், ஒன்றைக் காலி செய்தால் மீதி இரண்டில் முழுப் பாதுகாப்பு கிடைக்காது. குறைந்த பாதுகாப்போடு நடத்து என்ற டிக்கைப் போட்டுத்தான் மாற்ற முடிந்தது. அந்த இரவு முழுக்க பேக்கப் கையில் இருந்தும் வயிற்றைக் கலக்கியது.

ஆறு மாதம் கழித்து டேட்டா தங்கும் கெப்பாசிட்டி டிஸ்க் ஒன்றே ஒன்று போனது. அந்த ஹோஸ்டின் டிஸ்க் குரூப் மொத்தமும் படுத்துவிட்டது. டீடூப்பில் ஒரு பிளாக்கின் ஒரே பிரதியைக் குரூப்பில் உள்ள எல்லா டிஸ்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் ஒன்று போனால் எல்லாம் போகும். இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். 2020ல் வந்த 7.0 அப்டேட் 1 முதல் கம்ப்ரஷன் மட்டும் என்ற தேர்வு இருக்கிறது. அதில் டிஸ்க் போனால் அந்த டிஸ்கோடு நிற்கும். இப்போது அதற்கு மாறிவிட்டோம். இடம் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கிறது, தூக்கம் வருகிறது.

பெரம்பூர் லோகோ பக்கம்:

எங்களிடம் வீசான் இல்லை, விண்டோஸ் கிளஸ்டர். எல்லா சர்வரும் பகிரும் ஷேர்டு வால்யூமில் டீடூப் போட்டு மறுநாள் 'கெட்-டீடூப்ஸ்டேட்டஸ்' ஓட்டினால் மிச்சம் பூஜ்யம். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விண்டோஸில் எழுதும்போதே சுருக்குவதில்லை, பின்னால் ஒரு வேலை வந்து சுருக்கும். அதுவும் வழக்கமான அமைப்பில் 3 நாள் பழைய ஃபைலைத்தான் தொடும். நான் முந்தின நாள்தான் அத்தனையும் காப்பி பண்ணியிருந்தேன்.

இன்னொன்று. பழைய பேக்கப்களை அழித்தும் இடம் திரும்பவில்லை. குப்பை அள்ளும் வேலை வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை அதிகாலைதான் ஓடுகிறது. அவசரம் என்றால் 'ஸ்டார்ட்-டீடூப்ஜாப்' கொடுத்து கார்பேஜ் கலெக்ஷனை நாமே ஓட்டலாம். ஸ்டேட்டஸில் கடைசியாக எப்போது ஓடியது, என்ன முடிவு என்ற வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். மிச்ச சதவீதத்தைவிட அவைதான் உண்மையைச் சொல்லும்.

மணலி புதியவன்:

எங்கள் கிளஸ்டரில் எல்லா டிஸ்கும் ட்ரூதான், ஹெல்த் பச்சை. ஆனால் விகிதம் 1.1. என்ன பார்க்க வேண்டும் அண்ணா? எங்கள் சர்வர்களுக்குள்ளே எல்லாம் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் என்க்ரிப்ஷன்) போட்டிருக்கிறார்கள்.

திருவொற்றியூர்க்காரன்:

தம்பி, பிட்லாக்கர்தான் காரணமாக இருக்கும். உள்ளேயே பூட்டி அனுப்பும் டேட்டாவில் இரண்டு பிளாக் ஒரே மாதிரி இருக்காது, சுருங்கவும் செய்யாது. வீசானின் சொந்த என்க்ரிப்ஷனைப் போட்டால் டீடூப்பும் கம்ப்ரஷனும் முடிந்த பிறகே பூட்டும், அதனால் மிச்சம் கெடாது. உங்கள் செக்யூரிட்டி ஆட்களிடம் அதைச் சொல்லிப் பேசுங்கள், அவர்களைக் கேட்காமல் எதையும் எடுத்துவிடாதீர்கள். ஸ்டோரேஜ் பாலிசியில், டிஸ்க் இடத்தை முன்கூட்டியே ஒதுக்குவது 100 சதவீதம் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த சர்வர்களுக்கு மிச்சமே கிடைக்காது.

எல்லா டிஸ்கும் ட்ரூ என்கிறீர்களே, எத்தனை ஹோஸ்டில் போய்ப் பார்த்தீர்கள்? அந்தக் கமாண்ட் தான் ஓடும் ஹோஸ்டின் டிஸ்குகளை மட்டும்தான் காட்டும்.

மணலி புதியவன்:

ஒன்றில்தான் அண்ணா. மீதியிலும் இப்போதே பார்க்கிறேன்.