இடைக்காலச் சான்றிதழோடு வேறொரு ஷெங்கன் நாடு வழியாகத் திரும்பலாமா? அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனியில் பணிபுரிகிறேன். எனது குடியிருப்பு அனுமதி அட்டை அடுத்த மாதம் 14ஆம் தேதியுடன் காலாவதியாகிறது. வேலை ஒப்பந்தம் நீடித்தாலும், எனது பழைய பாஸ்போர்ட் முடியும் தேதியோடு அனுமதியையும் நிறுத்தியிருந்தார்கள். அதைத் தாமதமாகக் கவனித்தது என் பிழைதான்.

புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். அனுமதி முடிவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடர்வதாகக் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு கருதுவதால், இங்கே தங்கியிருப்பதைப் பற்றி எனக்கு அச்சமில்லை. இதற்கான இடைக்காலச் சான்றிதழையும் (ஃபிக்‌ஷன்ஸ்பெஷைனிகுங்) தந்திருக்கிறார்கள். சான்றிதழில் 3ஆம் உட்பிரிவின் கட்டத்தில் குறியிட்டிருந்தால் வெளியே சென்று அதைக் கொண்டு மீண்டும் நுழைய முடியாது என்பதால், பெருக்கல் குறி 4ஆம் உட்பிரிவுக்கு நேரே இருப்பதை இரண்டு முறை சரிபார்த்தேன்.

சிக்கல் பயணத்தில்தான். குடும்பத்தில் ஓர் அறுவை சிகிச்சைக்காக இந்தியா சென்று, அட்டை காலாவதியான பிறகே திரும்ப வேண்டியிருக்கிறது. பயணச்சீட்டோ வேறொரு ஷெங்கன் நாட்டு (பொதுவாகத் தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) விமான நிலையம் வழியாக அமைந்துள்ளது. ஆகவே நுழைவுச் சோதனை ஜெர்மனியில் அல்லாமல் அங்கேயே நடக்கும்.

காலாவதியான அட்டையையும் இந்தச் சான்றிதழையும் மட்டும் காட்டி அண்மையில் அவ்வாறு திரும்பியவர்கள் இருக்கிறீர்களா? புறப்படும் இடத்திலேயே விமான நிறுவன ஊழியர்கள் ஏற்ற மறுத்தார்களா? கூடுதல் செலவானாலும் நேரடி விமானத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இருப்பினும், சீட்டை ரத்துசெய்யும் முன் உங்கள் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.