புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீர்ப்பை ஆபரேஷன்

காட்பாடியில் இருக்கும் அப்பாவுக்குப் புற்றுநோயால் சிறுநீர்ப்பையையே எடுத்துவிட்டார்கள், இனி எத்தனை வருஷம் என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, எடுத்த பகுதியைச் சோதித்த பேத்தாலஜி ரிப்போர்ட் வந்துவிட்டது. கட்டி தசை வரைக்கும்தான், நிணநீர்க் கணுக்கள் சுத்தம், அதாவது அங்கே புற்று பரவவில்லை. டாக்டர் அந்தக் கணு வரியைத்தான் பேனாவால் இரண்டு தடவை கோடிட்டார்.

ஏன் என்று தேடிப் படித்தேன். 2001இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் 1,054 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், நோய் திரும்பாதவர்கள் 5 வருஷத்தில் 68 சதவீதம், 10 வருஷத்தில் 66. கணுவில் பரவியிருந்தால் 35தான். பழைய கணக்குதான், ஆனாலும் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் என்பது தெளிவு, அதனால் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதாக இல்லை. பீடியும் நின்றுவிட்டது.

அப்பாவுக்கோ கவலையே வேறு: வேலூர் வெயிலில் வேர்த்து, சிறுநீர் சேர வயிற்றில் ஒட்டிய பை கழன்று வருகிறது. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்களேன்.