ஆர்க்குட்டைக் கவிழ்த்தது ஃபேஸ்புக்கா, கூகுளேதானா?

மின்ட்_மணிக்கூண்டு:
நேற்று டீக்கடையில் காலேஜ் படிக்கும் தம்பி ஒருவன் ஆர்க்குட் என்றால் கரப்பான் மருந்தா அண்ணா என்று கேட்டான், இன்னும் மனசு ஆறவில்லை. ஃபேஸ்புக் மாதிரி நண்பர்கள் கூடும் இணையதளம் அது; 2004 ஜனவரியில் கூகுள் திறந்தது, 2014 செப்டம்பர் 30-ல் இழுத்துப் பூட்டியது. ஃபேஸ்புக் வந்து கவிழ்த்தது என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2008-லேயே மொத்த நிர்வாகத்தையும் பிரேசிலுக்குத் தள்ளிவிட்டார்கள், 2011-ல் கூகுள் ப்ளஸ் என்று அதே மாதிரி இன்னொரு தளம் ஆரம்பித்தார்கள். சொந்தக் கடைக்கு எதிரிலேயே எவனாவது கடை போடுவானா?

பெரம்பூர்_லோகோ:
பிரேசிலில் கூட்டம் இருந்தது, அங்கே அனுப்பினார்கள், அதில் என்ன தப்பு தல? ஆர்க்குட்டில் எவன் என்ன எழுதினான் என்று தெரிய ஒவ்வொருத்தன் ஸ்கிராப்புக்கையும் (அவன் பக்கத்தில் மற்றவர்கள் ஸ்கிராப் என்று சேதி எழுதிப்போடும் இடம்) தேடிப் போகணும். ஃபேஸ்புக் 2006-லேயே நியூஸ் ஃபீடு கொண்டுவந்து எல்லாத்தையும் வாசலில் கொட்டியது. நம்ம ஜனம் எங்கே போகும்?

தண்டையார்பேட்டை_அக்கா:
ரெண்டு பேரும் ஆம்பளைக் கணக்காகவே பேசுகிறீர்கள். ஆரம்பத்தில் ஸ்கிராப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பூட்டு வசதியெல்லாம் பிறகுதான். எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தட்டிக்குள் உட்கார்ந்ததும் எனக்கு முதல் வேலை, ஊர் பேர் தெரியாதவன் எழுதிய ‘ஹாய் டியர், ஃபிரெண்ட்ஷிப்?’களை அழிப்பது. அடுத்த தட்டியில் அண்ணன் இருப்பான்.

மின்ட்_மணிக்கூண்டு:
அக்கா சொல்வது நியாயம்தான். ஆனால் தலைப்பு போட்டுக் கூடிப் பேசும் குழுவான கம்யூனிட்டியை மறந்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து வந்தாலும் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எதிராளி அதே தலைப்பின் கீழ் காத்துக்கொண்டிருப்பான். இன்று ஃபீடில் நேற்றைய சண்டையைத் தேடினால் எவனோ தின்ற பிரியாணி வருகிறது.

பெரம்பூர்_லோகோ:
உருக்கமெல்லாம் சரி, கணக்குக்கு வாங்க. 2010 ஜூலையில் இணையக் கூட்டத்தைக் கணக்கெடுக்கும் காம்ஸ்கோர் நிறுவனம் எண்ணியதில் இந்தியாவில் ஃபேஸ்புக்குக்கு 2 கோடியே 9 லட்சம் பேர், ஆர்க்குட்டுக்கு 1 கோடியே 99 லட்சம். கூகுள் ப்ளஸ் அப்போது பிறக்கவே இல்லை!

மின்ட்_மணிக்கூண்டு:
அதே கணக்கின் அடுத்த வரியையும் படி தம்பி. முந்தைய வருஷத்தைவிட ஆர்க்குட்டும் 16 சதவீதம் கூடித்தான் இருந்தது. ஆள் ஓடவில்லை. ரெண்டு கோடி பேர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் காசையும் ஆளையும் ப்ளஸ்ஸில் கொண்டுபோய்க் கொட்டினார்கள், அதுவும் 2019-ல் ஊத்திக்கொண்டது.

பெரம்பூர்_லோகோ:
ஃபேஸ்புக் அதே வருஷத்தில் 179 சதவீதம் ஏறியது, அதை விட்டுவிட்டீர்களே. புதுசாக நெட்டுக்கு வந்தவன் எல்லாம் நேராக அங்கே போனான். சரி தல, நீங்கள் எப்போது ஃபேஸ்புக் போனீர்கள்?

மின்ட்_மணிக்கூண்டு:
2009. தங்கச்சி கல்யாண போட்டோவை மச்சான் அங்கேதான் போட்டிருந்தான், வேறு வழியில்லை. ஆனால் வாரம் ஒருமுறை ஆர்க்குட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தேன்.

தண்டையார்பேட்டை_அக்கா:
வாரம் ஒருமுறையா! மாமியார் வீட்டுக்குக்கூட அதைவிட அதிகமாகப் போவீர்கள் போல.