கட்டுகலன்: பிரித்துக் கட்டும் வேப் அட்டமைசருக்கு ஒரு சொல்

குளச்சல் (இப்போது ஷார்ஜா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு வேப் (மின் சிகரெட்) கடையில் நிற்கிறேன். அமீரகத்தில் 2019 முதல் இதைச் சட்டப்படி விற்கலாம். கடைக்கு நம்ம மாவட்டத்துப் பையன்களும் வருகிறார்கள். "அண்ணே, ருசியும் வேணும், காத்தும் தாராளமா வரணும், எது எடுக்க?" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. சுருளையும் பஞ்சையும் நாமே மாற்றிக்கொள்ளும் அட்டமைசரை (வேப்பில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற மேல்பாகம்) எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதி வைத்தால் தினமும் தொண்டை வறள வேண்டாம் என்று உட்கார்ந்தேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது. கலைச்சொல் பட்டியலில் 'அணுவாக்கி' என்று பார்த்தேன். முன்னால் 'மறுகட்டமைக்கத்தக்க' சேர்த்தால் 'மறுகட்டமைக்கத்தக்க அணுவாக்கி'. கூடங்குளத்தில் இருக்கவேண்டிய சாமான் போல இருக்கிறது. உதவுங்கள்.

நாகர்கோவில் எழுதியது:

தம்பி, அணுவாக்கி எங்கேயும் ஒட்டாது. செண்டு குப்பிக்கும் மருந்தடிக்கிற கருவிக்கும் 'தெளிப்பான்' இருக்கிறது, அங்கே அது போதும். உங்கள் சாமான் தெளிக்கவில்லை, சூடாக்குகிறது. அதிலிருந்து யோசியுங்கள்.

இன்னொன்று. இந்தியாவில் 2019 சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, சேமித்து வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். சேமித்து வைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், மற்றவற்றுக்கு முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள் என்று அந்த இரண்டு பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள். இங்கே நாம் பேசுவது சொல்லுக்காக, சரக்குக்காக இல்லை.

மார்த்தாண்டம் எழுதியது:

நாகர்கோவில் டீச்சர் சொன்ன சூட்டிலிருந்தே தொடங்குகிறேன். பஞ்சுத்திரி திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொடுக்கிறது. சுருள் சூடேறி அதை ஆவியாக்குகிறது. உள்ளே வரும் காற்றில் அந்த ஆவி குளிர்ந்து பொடித்துளிகளாகி வாய்க்கு வருகிறது. நாம் புகை என்று நினைப்பது அந்தத் துளிகளைத்தான். ஆக 'ஆவியாக்கி' பொருந்தும், ஆனால் மின்கலம், பொத்தான் எல்லாம் சேர்ந்த முழுக் கருவியையும் அப்படித்தான் சொல்லவேண்டி வரும். மேலே 510 என்கிற அளவு மரையில் திருகுகிற அந்தச் சின்னப் பாத்திரத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். 'கலன்' என்று வைத்துக்கொள்ளலாம். விண்கலனும் எரிகலனும் ஏற்கெனவே நம் காதுக்குப் பழகியவை.

அடுத்தது அந்த நீண்ட 'மறுகட்டமைக்கத்தக்க'. குளச்சல்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை: கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டு, மறுபடி கடலுக்குப் போகும்போது கட்டுவார்கள். ஃபைபர் படகு வந்தபிறகு அந்தக் காட்சி குறைந்துவிட்டது, பெயர் அப்படியே இருக்கிறது. அதை யாரும் 'மறுகட்டுமரம்' என்று சொன்னதில்லை. வினைத்தொகை என்பதால் கட்டிய, கட்டுகிற, கட்டும் என்று மூன்று காலமும் அதற்குள் அடக்கம். நேற்றுக் கட்டிய சுருள், இன்று கருகியதால் கட்டுகிற சுருள், அடுத்த வாரம் கட்டப்போகிற சுருள் எல்லாவற்றுக்கும் இடம் தருகிற மாதிரி 'கட்டுகலன்' என்று வைப்போம். 'மறு', 'தக்க' இரண்டும் தேவைப்படாது.

இதற்குள் இரண்டு வகை. தொட்டி இல்லாமல், திரவத்தை அவ்வப்போது பஞ்சில் சொட்டிக்கொள்வது 'சொட்டுகலன்'. தொட்டியோடு வருவது 'தொட்டிக்கலன்'. உள்ளே சுருள் உட்காரும் இடம் 'மேடை', கம்பியை இறுக்கும் தூண்களுக்கு நம்ம ஊர் 'குற்றி' போதும். சுருளைச் சுற்றியுள்ள வெளி 'ஆவியறை'.

இனிக் காற்று. இதைக் 'காற்றோட்டம்' என்று எழுதினால் வீடு வாடகைக்கு விடுவதுபோல ஆகிவிடும். இங்கே காற்று உள்ளே எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்வரத்தை மழைக்காலத்தில் தினமும் பேப்பரில் பார்க்கிறோமே, அதே வரத்து. 'காற்றுவரத்து' என்று போடுங்கள். அதைக் கூட்டிக் குறைக்கிற வளையத்துக்குக் 'காற்றுமடை'. மடை என்றால் திறப்பது, அடைப்பது, பாதி திறப்பது எல்லாம் சொல்லாமலே விளங்கும்.

பையன்கள் கேட்பதற்கான பதில் ஆவியறையிலும் மடையிலும்தான் இருக்கிறது. அறை சிறிதாக இருந்து, காற்றுத்துளை சுருளுக்கு நேர் கீழே நெருங்கி நின்றால் ருசி கெட்டியாக வரும். ஆனால் அடியில் துளை உள்ள கலன் ஒழுகவும் வாய்ப்பு அதிகம். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ காற்று வருபவை அவ்வளவு ஒழுகா, ருசி கொஞ்சம் பின்னால் நிற்கும். மடையை முழுக்கத் திறந்தால் ஆவி குளிர்ந்து நிறைய வரும், ருசி நீர்த்துப்போகும். ரொம்ப அடைத்தால் சுருள் சூடு தணியாமல் பஞ்சு தீயும். ஆகவே மடையை நுணுக்கமாகத் திருப்ப முடிகிற கலனாகப் பார்த்து எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். பெரிய துளையைப் பாதி அடைக்கலாம், ஊசித்துளையைப் பெரிதாக்க முடியாது. ஆனால் அறை பெரிதாக இருந்தால் எவ்வளவு அடைத்தாலும் சின்ன அறையின் ருசி வராது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இழுக்கிற விதம் இரண்டு: வாயில் வாங்கி நிறுத்தி உள்ளே விடுவது, ஹூக்கா போல நேராக நெஞ்சுக்கு இழுப்பது. 'வாயிழுப்பு', 'நெஞ்சிழுப்பு' என்று வைக்கலாமா?

நாகர்கோவில் எழுதியது:

நெஞ்சிழுப்பு என்று எழுதினால் எங்கள் தெருவில் ஆஸ்துமா என்று படிப்பார்கள். வாயிழுப்பு அதைவிட மோசம், வாதம் வந்து வாய் கோணியவரைத்தான் நினைப்பார்கள். கட்டுகலனும் காற்றுவரத்தும் எனக்குப் பிடித்திருக்கிறது. இவை இரண்டும் வேண்டாம்.

தக்கலை எழுதியது:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கட்டுச்சோறு, கட்டுக்கதை என்று வல்லினம் மிகுகிறதே, கட்டுக்கலன் என்றுதானே வரவேண்டும்?

மார்த்தாண்டம் எழுதியது:

தக்கலைக்கு: அங்கெல்லாம் கட்டு பெயராக நிற்கிறது. வினைத்தொகையில் மிகாது. ஊறுகாயை யாரும் ஊறுக்காய் என்று எழுதுவதில்லை, சுடுகாட்டைச் சுடுக்காடு என்பதில்லை. சொட்டுகலனும் அப்படியே. தொட்டி பெயர்ச்சொல், அதனால் தொட்டிக்கலனில் மட்டும் 'க்'.

டீச்சருக்கு: சரி, இழுப்பை விட்டுவிடுவோம். நாம் பீடியையும் 'பிடிக்கிறோம்', சளிக்கு வேதும் 'பிடிக்கிறோம்'. 'வாய்ப்பிடி', 'நேர்ப்பிடி' எப்படி?

நாகர்கோவில் எழுதியது:

நடக்கும்.

குளச்சல் எழுதியது:

நன்றி அண்ணாச்சி, நன்றி டீச்சர். ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"கட்டுகலன் எடுக்குமுன் உங்கள் பிடி எது என்று பாருங்கள். வாய்ப்பிடி என்றால் ஏறக்குறைய 1 ஓம் சுருள், 10 முதல் 20 வாட், காற்றுத்துளை ஒரு மில்லிமீட்டர் சுற்றி, ஆவியறை சின்னதாக. நேர்ப்பிடி என்றால் 0.5 ஓமுக்குக் கீழே, 40 வாட்டுக்கு மேலே, மடை அகலமாகத் திறக்கவேண்டும். சுருளைக் காற்றுத்துளைக்கு நேராக, தொடாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். திரியை அடைத்துத் திணித்தால் திரவம் ஏறாது, காய்ந்த தீய்ச்சல் வரும். தளர்வாக விட்டால் தொட்டிக்கலன் காற்றுமடை வழியாக ஒழுகும். கட்டி முடித்ததும் மீட்டரில் ஓம் பாருங்கள். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் உள்ள மின்கலத்தில் 0.2 ஓம் சுருள் போட்டால் 21 ஆம்பியர் இழுக்கும். உங்கள் மின்கலம் அதைத் தாங்குமா என்று தெரியாமல் பொத்தானைத் தொடாதீர்கள். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும், இதுவரை புகைக்காதவர் இதைத் தொடவேண்டாம். இந்தியாவுக்குக் கொண்டுபோகக் கூடாது."

தக்கலை எழுதியது:

'காய்ந்த தீய்ச்சல்' வேண்டாம், 'கருகல்' என்று போடுங்கள், எல்லாருக்கும் புரியும். 'மீட்டர்' இருக்கட்டும், ஓம்மானி என்று யாரும் கடையில் கேட்கப்போவதில்லை. கடைசி இரண்டு வரியையும் மேலே கொண்டுவந்து முதலில் வையுங்கள்.