மாதக்கணக்கில் செருகியே இருக்கும் படகுக்கு எந்த சார்ஜர் வாங்குவது?

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு மரீனாவில் (படகுகளை நிறுத்தும் துறை) 31 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். விளக்குகள், குளிர்பெட்டி, வானொலி ஆகியவற்றுக்காக 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் பேட்டரிகள் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய வகை) இரண்டு இணையாகவும், டீசல் எஞ்சினைக் கிளப்ப டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் பேட்டரி ஒன்று தனியாகவும் உள்ளன. படகை வாங்கியபோது உடன் வந்தது கார் பட்டறைகளில் பயன்படும் சார்ஜர். அதிலேயே கிடந்த முந்தைய ஏஜிஎம் பேட்டரிகள் பக்கவாட்டில் உப்பி, அழுகிய முட்டை நாற்றம் வீசியதால் அவற்றை மாற்றிவிட்டேன். நான் கோலாலம்பூரில் வசிப்பதால் மாதத்துக்கு ஒருமுறைதான் போக முடிகிறது. மற்ற நாள்களில் கரை மின்சாரம் (மரீனா பிளக்கிலிருந்து படகுக்கு வருவது) செருகியபடியே இருக்கும். 15 ஆம்பியர் போதுமா, 30 வேண்டுமா? ஆம்பியர் கூடக்கூட நல்லது என்கிறார் கடைக்காரர்.

மறுமொழி 1:
ஐயா, உங்கள் பழைய பேட்டரிகளைக் கெடுத்தது ஆம்பியர் அல்ல, மின்னழுத்தமும் வெப்பமும்தான் என்று தோன்றுகிறது. பேட்டரி நிறுவனங்கள் அச்சிடும் 14.4 வோல்ட் (ஏற்றும் கட்டம்), 13.6 வோல்ட் (நிறைந்தபின் தாங்கும் கட்டம்) போன்ற எண்கள் பொதுவாக 25 டிகிரிக்கானவை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். மூடிய படகின் பேட்டரிப் பெட்டி 38 டிகிரியைத் தொட்டால் 13.6 என்பது 13.3 ஆக இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் மூடிய பேட்டரி நாளெல்லாம் மிகைச் சார்ஜில் கிடந்து, உள்ளே ஈரம் வற்றி, உப்பிப் போகும். ஆகவே பேட்டரியின் முனையிலோ பக்கவாட்டிலோ பொருத்தும் வெப்ப உணரி சார்ஜரோடு வருகிறதா என்பதையே முதலில் கேளுங்கள். சார்ஜரின் உட்புற வெப்பத்தை மட்டும் அளப்பது இதற்கு ஈடாகாது.

அடுத்தது, நிறைந்து ஓரிரு நாள் கழிந்ததும் 13.2 அளவுக்குத் தானாக இறங்கி, வாரத்துக்கு ஒருமுறை சற்று நேரம் ஏற்றிப் பார்க்கும் சேமிப்புக் கட்டம். மாதக்கணக்கில் செருகி வைப்பவருக்கு இது மிகவும் உதவும்.

ஆம்பியரைப் பொறுத்தவரை 30 வாங்குங்கள். 200 ஆம்பியர்-மணிக்கு 20 ஆம்பியராவது கிடைப்பது நல்லது. குளிர்பெட்டி ஓடும்போது ஐந்து ஆம்பியர் அதற்கே போய்விடும். 30 ஆம்பியர் சார்ஜர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 500 வாட்டுதான் இழுக்கும் என்பதால் மரீனாவின் பிளக் தாராளமாகத் தாங்கும். அதற்கு மேல் போவதில் உங்களுக்குப் பயன் ஏதும் இல்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூன்று வெளியீடு கொண்ட சார்ஜரில் எஞ்சின் பேட்டரியையும் சேர்க்கலாமா? இரண்டும் வெவ்வேறு வகை ஆயிற்றே. எஞ்சின் அறையில் இடம் இருக்கிறது, அங்கேயே மாட்டலாமா?

மறுமொழி 1:
சேர்க்கலாம். பெரும்பாலான சார்ஜர்கள் எல்லா வெளியீட்டுக்கும் ஒரே மின்னழுத்தத்தையே தருகின்றன. உங்கள் இரண்டு வகையுமே 14.4 வோல்ட்டை ஏற்கும்; அமிலம் கூழாக இருக்கும் ஜெல் பேட்டரியாக இருந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். எஞ்சின் பேட்டரியில் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பாருங்கள்.

எஞ்சின் அறை வேண்டாம். பல சார்ஜர்கள் 40 டிகிரிக்கு மேல் தாமாகவே வெளியீட்டைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு நேர் மேலேயும் மாட்டாதீர்கள். அமில ஆவி சர்க்யூட்டை அரிக்கும். காற்றோட்டமுள்ள பக்கச் சுவரில், இரண்டு மீட்டருக்குள், ஈயம் பூசிய 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் இணைத்தால் இழப்பு 0.15 வோல்ட்டைத் தாண்டாது. ஒவ்வொரு நேர்முனைக் கம்பிக்கும் பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வையுங்கள்.

மறுமொழி 2:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கரை மின்சாரத்தின் எர்த் கம்பி வழியாக உங்கள் படகின் உலோகங்கள் பக்கத்துப் படகுகளின் உலோகங்களோடு இணைந்துவிடுகின்றன. கடல்நீர் மறுபக்கத்தை நிரப்ப, எல்லாமும் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரியாகி உங்கள் துத்தநாக ஆனோடு (மற்ற உலோகங்களைக் காக்கத் தான் அரிபடும்படி நீருக்கடியில் பொருத்தும் துண்டு) கரைகிறது. இந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டரை எர்த் பாதையில் பொருத்துங்கள். அரிப்பைத் தவிர்க்க எர்த்தையே கழற்றிவிடச் சிலர் சொல்வார்கள். நீரில் இறங்குபவரின் உயிருக்கு அது ஆபத்து. கார் சார்ஜர் சிலவற்றில் கரைப்பக்கமும் பேட்டரிப்பக்கமும் முழுமையாகப் பிரிக்கப்படாமல் இருக்கலாம் என்பதால் பழையதை மறுபடி செருகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வெப்ப உணரியுடன் மூன்று வெளியீடுள்ள 30 ஆம்பியர் சார்ஜரையும் ஐசோலேட்டரையும் சேர்த்தே வாங்குகிறேன். ஆனோடை அடுத்த முறை போகும்போது ஆளை இறக்கிப் பார்க்கச் சொல்கிறேன்.