கண் பிரஷர் இருக்கிற ஆத்தாவுக்கு இப்படி வியர்க்கிறது, சொட்டு மருந்தாலா?

கானாடுகாத்தான் மகள்:
ஆத்தாவுக்கு வயது 67. 4 வருடமாகக் கண் பிரஷர், அதாவது க்ளாகோமா. காலையும் இரவும் இரண்டு கண்ணிலும் டிமோலால் சொட்டு விடுகிறோம். சர்க்கரைக்கு க்ளிமிபிரைடு மாத்திரை.

ஒரு மாதமாகத் திடீர் திடீரென்று வியர்வை. வெயிலில் நின்று வந்தால் சரி எனலாம். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்), ஆத்தங்குடிக் கல் குளுகுளுவென்று இருக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பின்கழுத்து நனைந்து ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. தொட்டால் உடம்பு சில்லென்று இருக்கிறது. படபடப்பு இல்லை, கை நடுக்கமும் இல்லை என்கிறார். போன வெள்ளி விரதத்தன்று 11 மணி வாக்கில் தூணைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆச்சி, தன் மகன் வியர்வைக்குப் போடும் மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? சொட்டு மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா? வலது கண்ணில் ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தேவகோட்டை நர்ஸ் (ஓய்வு):
தங்கச்சி, இரண்டுமே வேண்டாம். சொட்டை நீங்களாக நிறுத்தினால் பிரஷர் ஏறும். போன பார்வை திரும்பாது. வியர்வையைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, கண்ணுக்குள் ஊறும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் கோணம் குறுகலாக இருப்பவர்களுக்குப் பிரஷரைச் சட்டென்று ஏற்றிவிடும். அடுத்தவர் மாத்திரை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

எனக்கு உறுத்துவது விரதம்தான். அன்றைக்கும் க்ளிமிபிரைடு போட்டாரா? சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை இறங்கும். வழக்கமாகப் படபடப்பும் நடுக்கமும் அதைக் காட்டிக்கொடுக்கும். டிமோலால் கண்ணிலிருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் சேர்ந்து அந்த இரண்டையும் மறைத்துவிடலாம். வியர்வையை மறைக்காது. அடுத்த முறை வியர்க்கும்போதே விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. கண் வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்றாலும் அப்படித்தான்.

பள்ளத்தூர்க்காரன்:
எனக்கும் வியர்த்துக் கொட்டியது. ஆனால் எனக்குப் போட்டது பைலோகார்பின். அது வியர்வைச் சுரப்பியையே தூண்டும், வாயில் எச்சிலும் ஊறும். டாக்டர் மருந்தை மாற்றியதும் நின்றது. ஆகவே பாட்டிலில் என்ன பெயர் என்று ஒரு முறை படித்துவிடுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கும் கண் முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும்.

கானாடுகாத்தான் மகள்:
பாட்டிலில் டிமோலால்தான். செவ்வாய்க்கிழமை காலை ஆத்தா கோவிலுக்குப் போய்விட்டு வெறும் வயிற்றோடு வந்தார். வியர்த்ததும் பார்த்தேன், 54. கை உதறியது எனக்குத்தான். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். 15 நிமிடத்தில் 88.

அன்றே காரைக்குடிக்குக் கூட்டிப்போனேன். இசிஜி நன்றாக இருக்கிறது. சர்க்கரை டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார், அதுவும் சாப்பாட்டோடு மட்டும். கண் டாக்டர் டிமோலாலை மாற்றி, இரவில் ஒரு வேளை லட்டானோபிராஸ்ட் கொடுத்திருக்கிறார். 4 வாரத்தில் பிரஷர் பார்க்க வரச் சொன்னார். நர்ஸ் அக்கா, அந்த ஒரு விரதக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் நான் ஆச்சி கொடுத்த மாத்திரையைத்தான் கொடுத்திருப்பேன். விரதத்தை விடச் சொன்னால் ஆத்தா கேட்கவில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு விளக்கேற்றச் சம்மதித்திருக்கிறார்.