சிரிப்பு யோகா நேரத்தில் சிரிக்காத பையனை என்ன செய்வது?

எட்டாம் வகுப்பு டீச்சர்:

வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. இந்த வருடம் எங்கள் தலைமையாசிரியர் ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் முதல் பீரியடுக்கு முன் பத்து நிமிடம் சிரிப்பு யோகா. பரீட்சைப் பயம் போகும், பிள்ளைகள் கலகலப்பாவார்கள் என்று எங்களை அரைநாள் பயிற்சிக்கும் அனுப்பினார். கைதட்டிக்கொண்டே "ஹோ ஹோ, ஹா ஹா ஹா". நாக்கை நீட்டிச் சிங்கச் சிரிப்பு. செல்போன் காதில் இருப்பதுபோல் ஒரு சிரிப்பு. முதல் நாள் எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது சிக்கல். கடைசி பெஞ்சில் ஒரு பையன். சில மாதங்களுக்கு முன் அவன் அப்பா தவறிவிட்டார். எல்லாரும் சிரிக்கும் பத்து நிமிடமும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நல்லது செய்வதாக நினைத்து, பக்கத்தில் போய் "நீயும் சிரிப்பா" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவனிடம் மறுபடி கேட்க மனம் வரவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். போன வாரம் ஒரு மாணவி பாடம் வாசித்தாள். அவளுக்குக் கொஞ்சம் திக்கும். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ மேசையைத் தட்டினார்கள். இரண்டு தட்டு, அப்புறம் மூன்று தட்டு. யாரும் வாயைத் திறக்கவில்லை, வெறும் தாளம்தான். வகுப்பே சிரித்தது. அந்தத் தாளத்தைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் மற்ற முப்பது பேருக்குக் கிடைக்கும் கொஞ்ச நஞ்ச சந்தோஷமும் போய்விடுமோ என்றும் தோன்றுகிறது.

மைதானத்துக்காரன்:

விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார்கள் கடன் வாங்காமல் இருந்தாலே பிள்ளைகள் தானாகச் சிரிப்பார்கள். பத்து நிமிடம் ஓடவிடுங்கள், போதும்.

மூச்சும் சிரிப்பும்:

மேலே சொன்னவர் கிண்டலாகச் சொன்னாலும் பாதி சரி. நான் பல வருடமாகப் பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சிரிப்பு யோகா சொல்லிக்கொடுக்கிறேன். டீச்சர், உங்கள் வகுப்பில் நடந்தது இந்தப் பயிற்சி பிறந்தபோதே நடந்ததுதான். 1995 மார்ச் 13 அன்று மும்பையில் ஒரு பூங்காவில் டாக்டர் மதன் கட்டாரியா நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இதைத் தொடங்கினார். அப்போது யோகாவும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் ஒருவர் நின்று ஜோக் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் நல்ல ஜோக்கெல்லாம் தீர்ந்துபோய், அடுத்தவரைக் குத்தும் ஜோக்குகள் வந்தன. மனம் புண்பட்டு, மூடிவிடலாம் என்கிற நிலை. அதற்கப்புறம்தான் அவர் ஜோக்கையே எடுத்துவிட்டார். காரணமில்லாமல் சிரிப்பது என்ற யோசனை அப்படி வந்தது. உங்கள் வகுப்பில் அந்த மேசைத் தட்டல் ஜோக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

முதலில் அந்தத் தாளத்தை விடுங்கள். கைதட்டல் இல்லாமலும் இது நடக்கும். பெஞ்சில் வரிசையாக நிற்க வைக்காதீர்கள், பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவனின் முதுகுதான் தெரியும். முகம் பார்த்தால்தான் சிரிப்பு தொற்றும். தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று ராபர்ட் புரோவைன் என்ற ஆராய்ச்சியாளர் கண்டார். வட்டமாக நிறுத்துங்கள்.

பொய்ச் சிரிப்புக்கும் நிஜச் சிரிப்புக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். மூச்சைப் பொறுத்தவரை அதில் விஷயம் உண்டு. எந்தச் சிரிப்பானாலும் வெளிமூச்சு நீளும், உதரவிதானம் வேலை செய்யும். ஆனால் உங்கள் கடைசி பெஞ்சுப் பையனுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அவனை விட்டுவிடுங்கள். ஆஸ்துமா, குடலிறக்கம், வலிப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அவர்களை இதில் சேர்க்காதீர்கள். இதை அரைநாள் பயிற்சியில் சொன்னார்களா?

பள்ளி ஆலோசகர்:

டீச்சர், நீங்கள் மறுபடி கேட்காமல் விட்டீர்களே, அதுதான் சரி. துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கட்டாயச் சிரிப்பு இன்னொரு வீட்டுப்பாடம். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நேரம் பார்க்கட்டும், கதவைத் திறந்து வைக்கட்டும். வட்டத்துக்குள் இருக்கிறான், ஆனால் சிரிக்க வேண்டியதில்லை. வகுப்பு முடிந்து தனியாக இரண்டு வார்த்தை பேசுங்கள், அப்பாவைப் பற்றியே கேட்கலாம், தப்பில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் இருந்தான் என்றால் வீட்டில் பேசி ஆலோசகரிடம் அழைத்துப்போகச் சொல்லுங்கள். சிரிப்பு யோகா அதற்கு மாற்று இல்லை.

அந்த மாணவி விஷயத்தில்தான் எனக்குக் கவலை. பிறர் சிரித்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு உளவியலில் தனிப் பெயரே உண்டு, ஜெலட்டோஃபோபியா. அது முற்றிவிட்டால் பக்கத்து அறையில் யாரோ சாதாரணமாகச் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். தினமும் காலையில் முப்பது பேர் காரணமில்லாமல் சிரிக்கும் நடுவில் அவளை நிறுத்துவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தட்டியது யார் என்று விசாரணை வைக்காதீர்கள், அவளுக்கு மறுபடி அதே அவமானம். அவளிடம் தனியாக, "நடந்தது தப்பு, அன்றைக்கு நான் உடனே நிறுத்தியிருக்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆஸ்துமா பற்றி யாரும் சொல்லவில்லை. விசாரித்ததில் இரண்டு பேர் பையில் இன்ஹேலர் இருந்தது!

இப்போது வராந்தாவில் வட்டமாக நிற்கிறோம். ஹோ ஹோ கிடையாது. மூச்சை இழுத்துப் பிடித்து, "ம்ம்ம்" என்று முனகியபடி மெதுவாக விடுகிறோம். அதிலேயே யாராவது ஒருவர் வெடித்துவிடுவார், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். சில நாள் யாரும் சிரிப்பதில்லை, அப்படியே உள்ளே போய்விடுகிறோம். பத்து நிமிடம் ஐந்தாகிவிட்டது, தலைமையாசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

பையன் கையில் என் கடிகாரம். "மிஸ், நேத்து நாற்பது செகண்ட் அதிகமா ஓட்டிட்டீங்க" என்று கணக்குக் கேட்கிறான். இன்னும் சிரிக்கவில்லை.

மாணவியிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். வட்டத்துக்கு வருவதில்லை. வராந்தாத் தூண் பக்கம், அவன் நிற்கும் இடத்துக்கு அருகில் வந்து நின்றுகொள்கிறாள். நேரம் முடிந்ததும் கடிகாரத்தை அவன் அவளிடம் கொடுக்கிறான், அவள் என் மேசையில் கொண்டுவந்து வைக்கிறாள்.